கட்டாத கப்பலில் என் மச்சினன்

ஒரு கையைப் பைபிள்மேல் வைத்து மறு கையால் எழுதுகிறேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. 2006இல் துபாயில், கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் பெயின்டராக இருந்தேன். ஒரு நாள் காலை வந்து நின்ற போர்க்கப்பலின் அடித்தளத் தொட்டியான டேங்குக்குள், பெயின்ட் அடிக்க என் மனைவியின் தம்பி நேசையன் இறங்கினான். இறங்குகிறவன் தன் பெயர் அட்டையை டேங்க் வாயில் மாட்டவேண்டும். ஏறி வந்தபின் அவனேதான் எடுப்பான்.

மத்தியானம் ஃபோர்மேன் ஆல்டோ அந்தக் கப்பலின் படத்தோடு ஓடிவந்தார்.

"ஓய், இத ஜெர்மன்காரன் முதல் உலகப் போர்ல வரைஞ்சதோட சரி. கட்டவே இல்ல வேய்!"

"கட்டவே இல்லன்னா என் மச்சினன் எதுக்குள்ள போனான்?"

குனிந்து கூப்பிட்டேன். "வாறேன் அத்தான்" என்றான். கூப்பிடக் கூப்பிட, குரல் இன்னும் ஆழத்திலிருந்து வந்தது.

சாயங்காலம் கப்பல் இல்லை. அட்டை மட்டும் அதே உயரத்தில், ஒன்றிலும் மாட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது.

இரவு ஊருக்குப் போன் போட்டபோது "எந்தத் தம்பி?" என்றாள் என் மனைவி. அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.