தளபதியின் கைநாட்டு

சீனப் பேரரசரின் முத்திரையை மடியில் இருத்திக்கொண்டு, அந்நியரின் போர்க்கப்பலில் மேசைமுன் உட்கார்ந்திருந்தார் கூ வென். முப்பது வருடமாக அதைக் காத்து வருபவர் அவர்தான். துறைமுகங்களை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் எதிரே விரிந்து கிடந்தது. கப்பலின் பீரங்கிகள் ஊரைப் பார்த்து நின்றன. அவர் முத்திரையைச் சிவப்பு மையில் தோய்க்காமலே தாளில் வைத்து எடுத்தார்.

"மை தொட்டு வைங்க ஐயா," என்று கெஞ்சினான் மொழிபெயர்ப்பாளன்.

"வைக்கச் சொன்னாங்க. வச்சாச்சு."

வெள்ளைக்காரத் தளபதிக்குப் பொறுமை போயிற்று. எழுந்து வந்து, கிழவரின் கையோடு சேர்த்து முத்திரையைப் பற்றி, மையில் முக்கித் தாளில் அழுத்தினான். முத்திரை அழகாக விழுந்தது. பக்கத்திலேயே தளபதியின் கட்டைவிரலும் ரேகை ரேகையாகச் சிவந்து விழுந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவன் வைத்த கைநாட்டு மாதிரி. அவன் கைக்குட்டையால் துடைத்தான். கறை இன்னும் பெரிதாயிற்று.

"வேற தாள்ல எழுதிக்கலாம்னு சொல்றார்," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

கூ வென் சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டை மேசைமேல் நீட்டி வைத்தார்.

"எத்தனை தாள் வேணும்னாலும் எழுதட்டும். ஒவ்வொண்ணுக்கும் அந்த ஆளே எழுந்து வந்து என் கையைப் பிடிக்கணும்னு சொல்லிடுப்பா."