டியூக்கின் வாரிசு

“தாத்தா! உங்களக் கண்டுபிடிச்சிட்டேன் தாத்தா!”

பாசி படிந்த கல்லறைக் கல்லைக் கட்டிக்கொண்டு வெர்ல் ஹாஸ்கின்ஸ் அழுதார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்து முடிக்கும் வரை அந்த அழுகை நிற்கவில்லை.

அமெரிக்காவில், இண்டியானாவின் அந்தச் சின்ன மாநிலப் பூங்காவில் இருப்பதே கொஞ்சம் காடு, ஓர் ஓடை, அந்தக் காலத்தில் குடியேறியவர்கள் கட்டிய ஒரு மரவீடு. அங்கே போட்டிருக்கும் புதுப் பாதைக்கு, முதலில் வந்து குடியேறிய குடும்பத்தின் பெயரை வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

முதல் குடும்பம் ஹாஸ்கின்ஸா, ட்ராக்ஸ்லரா என்பதில் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. மழையில் ஓடைக்கரை சரிந்து இந்தக் கல் வெளியே தெரிந்ததும் வெர்ல் முந்திக்கொண்டார்.

பூங்கா அதிகாரி கார்லா குனிந்து சத்தமாகப் படித்தாள். “‘டியூக், 1819. எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த தோள்கள். ஒரு நாளும் எதிர்த்துப் பேசாத உழைப்பாளி.’ இதைவிடப் பழைய கல்லு இந்தக் காட்டுல இல்ல. ஆனா, குடும்பப் பேரு போடலையே சார்?”

“பெரிய மனுஷனுக்கு எதுக்கும்மா குடும்பப் பேரு? டியூக்னா போதும், ஊருக்கே தெரியும்!” வெர்ல் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக் காட்டினார். “இந்தக் கழுத்தப் பாரு, தோளப் பாரு. அப்படியே அவர உரிச்சு வெச்சிருக்கேன்.”

யார் டியூக்கைப் பார்த்தார்கள், மறுத்துப் பேச? வெர்லுக்குப் பின்னால் அவருடைய மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ‘நாங்கள் டியூக் ரத்தம்’ என்று அச்சடித்த பனியனோடு வரிசையாக நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓப்பல் ட்ராக்ஸ்லர் முன்னால் வந்தார். வெர்லோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“ஏன் வெர்ல், நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? டியூக் உங்க தாத்தாவுக்குத் தாத்தாதானா?”

“வயிறு எரியுதா ஓப்பல்? எங்காளுங்க காட்டத் திருத்தி வெச்சப்புறம் சொகுசா வந்து எறங்கினவங்கதானே உங்காளுங்க!”

பனியன் கூட்டம் சிரித்தது. ஓப்பலுக்குச் சுருக்கென்று தைத்தது, ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

“சரிப்பா. இந்தக் கல்லு யாரு வீட்டுதோ அவங்கதான் முதல் குடும்பம். பாதைக்கும் அவங்க பேருதான். ஒத்துக்கறியா?”

“பைபிள் மேல கை வெச்சு ஒத்துக்கறேன்! யோவ், இத அப்படியே பத்திரிகைல போடுய்யா!”

“நீயும் அவர் ரத்தம்தான். அதையும் சொல்லிடு.”

“ரத்தம், எலும்பு, சதை, எல்லாமே டியூக்தான்!” வெர்ல் மார்பில் தட்டிக்கொண்டார்.

ஓப்பல் தன் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். “எங்க வீட்டுக் கணப்படுப்புக்கு மேல தலைமுறை தலைமுறையா தொங்குது. கார்லாம்மா, நீயே பிரிச்சுப் பாரு.”

உள்ளே நீண்டு வளைந்த ஒரு கொம்பு இருந்தது. கல்லில் இருந்த அதே கோணல் எழுத்தில் அதன் மேல் ‘டியூக்’ என்றும், கீழே ‘ட்ராக்ஸ்லர்’ என்றும் செதுக்கியிருந்தது. கார்லா கொம்பைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், சிரிப்பை அடக்க ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்க வண்டிய இழுத்துட்டு வந்த எருது, வெர்ல்,” என்றார் ஓப்பல். “காயடிச்ச மாட்டுக்கு நீ எப்படிப்பா பேரனாப் பொறந்தே?”