முப்பதடி மண்

குழியில் இருந்து பானை வெளியே வந்ததும் ஷஹாத்தா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டன் சொத்துக்காக ஒரு காவல்காரர் இப்படி உருகுகிறாரே என்று கூலிக்காரர்களுக்கும் கண் கலங்கியது.

பானைக்கு வயது பத்து நாள். பழைய நகரத்து ஃபுஸ்தாத் பேட்டையில் குயவரிடம் வாங்கி, டீத்தண்ணீரிலும் புறா எச்சத்திலும் ஊறவைத்து, போன வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அவரே புதைத்தது.

கெய்ரோவில் அஸ்திவாரம் தோண்டும்போது பழம்பொருள் ஏதாவது தலைகாட்டினால், புத்தியுள்ளவன் சத்தமில்லாமல் திரும்ப மூடிவிடுவான். தொல்பொருள் இலாகாவுக்குத் தெரிந்தால் பேரன் காலத்தில்தான் வீடு எழும்பும். ஊரே மறைக்க, ஷஹாத்தா ஒருவர்தான் கூவிக் கூவிக் காட்டிக் கொடுக்கிறவர்.

காரணம் இருந்தது. தர்ப் நஹ்ல் சுரங்க ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டர்தான் பன்னிரண்டு வருஷமாக அவர் வீடு. மனைவி தஹானி அங்கேதான் மொச்சை வேகவைப்பாள். மூன்று பெண்களும் நடைமேடையில் நடை பழகியவர்கள். நகரும் படிக்கட்டில் இதுவரை ஏறி இறங்கிய ஜீவன்கள் தஹானியின் கோழிகள் மட்டும்தான். நிலையம் திறந்துவிட்டால் காவல்காரன் எதற்கு? மறுநாளே குடும்பம் தெருவில் நிற்கும்.

வடக்கே இருந்தும் தெற்கே இருந்தும் தோண்டிக்கொண்டு வந்த சுரங்கம் இந்த நிலையத்தில்தான் கைகோக்க வேண்டும். நடுவில் பாக்கி முப்பதடி மண். அந்த முப்பதடிக்குள் இரண்டு வருஷத்துக்கு ஒரு பானை கிடைக்கும், வேலை நிற்கும்.

இஞ்சினியர் வக்தி கொதித்துப் போனார். சுரங்கத்துக்குக் கோடு போட்டவர் அவர்தான். எங்கே தோண்டுவது என்று தாமே நின்று சுண்ணாம்புக் குறி போடுபவரும் அவர்தான். ஜூன் மாதத்தில் கனத்த கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கேட்டதற்கு, கீழே குளிர்கிறது என்றார்.

"இது ஆறாவது பானை. போலின்னு தெரிஞ்சா, புதைச்சவனை உள்ள தள்ளாம விடமாட்டேன்," என்றார் ஷஹாத்தாவைப் பார்த்தபடி.

ஷஹாத்தா அதற்கெல்லாம் அசரவில்லை. வழக்கமாக வரும் தொல்பொருள் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இரண்டு கிளாஸ் டீ குடித்துவிட்டு, 'கிரேக்கர் காலம், மேலும் ஆராய வேண்டும்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆனால் படியிறங்கி வந்தது ஓர் அம்மாள். பழையவர் ஓய்வு பெற்றுவிட்டாராம், இவர் டாக்டர் இப்திஹாலாம். இன்றைக்கு வருவதாகப் போன வாரமே இஞ்சினியருக்குக் கடிதம் போட்டிருந்தாராம். ஷஹாத்தா அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

டாக்டரம்மா உட்காரவில்லை, டீயும் கேட்கவில்லை. பானையைத் தட்டினார், முகர்ந்தார், கடைசியில் விளிம்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். புறாக்களைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று ஷஹாத்தா ஒரு கணம் நினைத்தார். தைரியம் வரவில்லை.

"டீ," என்றார் டாக்டரம்மா. "சர்க்கரை தூக்கலான டீ. கிரேக்கன் எப்ப டீ குடிச்சான்?"

நாளைக் காலையே மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம், தம் இலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அவர். பானையைப் புதைத்தது யார் என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

ஷஹாத்தா சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷமும் ஒரு கரண்டிச் சர்க்கரையில் கரைந்து போயிற்று. சர்க்கரை இல்லாத டீ என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தோன்றாமல் போனதுதான் குற்றம். இனி தஹானியிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

இஞ்சினியர் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது. கோபம்தான் என்று ஷஹாத்தா நினைத்துக்கொண்டார். வக்தி எல்லோரையும் விலகச் சொல்லி, வேறு ஏதாவது கிடக்கிறதா என்று தாமே பார்ப்பதாக அறிவித்து, மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கோட்டோடு சேற்றுக் குழியில் குதித்தார். கால் மணி நேரம் உள்ளே இருந்து முனகல் சத்தம் மட்டும் வந்தது.

ஏறி வந்தபோது நெஞ்சோடு அணைத்தபடி ஒரு சின்னக் கல் பலகை. அதில் நீண்ட மூக்கோடு ஒரு பறவை செதுக்கப்பட்டிருந்தது. டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இந்த முறை நக்கிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அசல் கல், பாரோ அரசர் காலத்துக் கோயில் வேலை என்றார். பானையை அவர் மறந்தே போனார். இந்த முப்பதடி மண்ணில் இனி ஒரு கரண்டியும் படக்கூடாது, குறைந்தது பத்து வருஷத்துக்கு வேலை நிறுத்தம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, கல்லைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படியேறினார்.

ஷஹாத்தா மறுபடி அழுதார். இந்த அழுகை நிஜம். "இஞ்சினியர் பாஷா, ஆண்டவன் கண்ணைத் திறந்துட்டான்," என்று சொல்லி இஞ்சினியரின் சேறு படிந்த கையைப் பிடித்து முத்தமிட்டார்.

வக்தி அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஆண்டவனை எதுக்கு இழுக்கறே? அது கிராமத்துல எங்க தாத்தா வீட்டு வாசப்படியில பதிச்சிருந்த கல், கோட்டுக்குள்ள மறைச்சுக் கொண்டுவந்தேன்," என்றார் காதோரம். "நாளைக்கு இந்த மண்ணை எடுத்திருந்தா, ரெண்டு சுரங்கமும் நேருக்கு நேர் வரலைங்கறது ஊருக்கே தெரிஞ்சிருக்கும், ஷஹாத்தா."