திரும்பிய படகு

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் அன்று காலை மீதமிருந்தது ஒரே ஒரு படகு. அதை யாருக்கு அனுப்புவது என்பதைக் கணினி முடிவு செய்யும். ஏன் என்ற காரணத்தையும் திரையில் காட்டும். கேட்பவர்களுக்கு அதை வாசித்துச் சொல்வது மணிமொழியின் வேலை.

"எங்க வீட்டுக்கு ஏன் வரல?" என்றார் மேலத்தெருவிலிருந்து பேசியவர்.

"உங்களுக்கு மாடி இருக்கு சார், காத்திருக்க முடியும்னு வந்திருக்கு. கால்வாய்த் தெருவுல மாசமா இருக்கற பொண்ணு ஒண்ணு ஓட்டு வீட்டுல தனியா மாட்டிக்கிட்டிருக்கு."

"மாடி இருக்கும்மா. அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ விளங்காது. கட்டில் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. என்னால அவரைத் தூக்க முடியல."

மணிமொழி பதறிப்போய் அதைக் கணினியில் ஏற்றினாள். அடுத்த நொடியே படகு மேலத்தெருவுக்குத் திருப்பப்பட்டது. புதிய காரணமும் வந்தது. இரண்டு முறை படித்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. உட்கார முடியாமல் எழுந்து நின்றாள்.

அடுத்த அழைப்பு கால்வாய்த் தெருவிலிருந்து வந்தது.

"அக்கா, படகு வருதுன்னு சொன்னீங்களே. தூரத்துல பாத்தேன். இப்பத் திரும்பிப் போகுது. ஏன்க்கா?"

சொல்ல வேண்டியது கண்ணெதிரே இருந்தது. மணிமொழிக்கு அதை வாசிக்க வாய் வரவில்லை. விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"உங்களைப் பத்தி நான் இன்னும் எழுதாம விட்டது ஏதாவது இருக்காம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என்ன சொன்னா வரும்க்கா?"