சின்னம்மாவின் குரல்

"பயப்படாமப் பேசுங்க அம்மா. உங்க குரலை உலகமே கேக்கப் போகுது."

துஷாந்தினி போனை ஸ்டூலின் மேல் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கினாள். கொழும்பிலிருந்து தெஹியோவிட்டவுக்கு பஸ், அங்கிருந்து தோட்டம் வரை ஆட்டோ, பிறகு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஏற்றம் நெடுக நடை. எல்லாம் 'சர்வதேச அபிவிருத்திக்கும் சமூக மாற்றத்துக்குமான தொடர்பாடல்' என்ற முதுகலைப் பட்டத்துக்காக. அந்தப் பெயரை அவள் சொல்லி முடிப்பதற்குள் சின்னம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுவிட்டார்.

"பேசுறேன் மிஸ். அதுக்காகவே இன்னைக்கு ரப்பர் பால் வெட்டப் போகல. ஆனா கடைசியில நான் ஒன்னு கேப்பேன். முடியாதுன்னு சொல்லக்கூடாது."

வீடு கேட்பார், இல்லாவிட்டால் கூரைத் தகரம் கேட்பார் என்று துஷாந்தினி நினைத்தாள். 'எங்கள் பணி கொடுப்பதல்ல, செவிமடுப்பது' என்ற பதிலை வகுப்பிலேயே பாடமாக்கியிருந்தாள்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி இங்க மண் சரிஞ்சப்ப, எச்சரிக்கை உங்களுக்கு எது மூலமா வந்தது? ரேடியோவா, போனா, ஒலிபெருக்கியா?"

"நாய் ஊளையிட்டுச்சுங்க."

"அதுக்கு இந்தக் கேள்வித்தாள்ல கட்டம் இல்லையே."

கொஞ்சம் யோசித்துவிட்டு, 'சமூகம் சார்ந்த மாற்று ஊடகம்' என்று எழுதிக்கொண்டாள். பேராசிரியருக்குப் பிடிக்கும்.

இருபத்தேழு கேள்விகள். சின்னம்மா ஒன்றுக்கும் சலிக்கவில்லை. கேட்காததையும் சேர்த்தே சொன்னார்.

"இப்ப நீங்க கேளுங்க அம்மா."

"மண்ணு சரியிறதுக்கு முந்தின மாசம் உங்க கேம்பஸ்ல இருந்து லோஜன்னு ஒரு தம்பி வந்து, இதே மாதிரி போன்ல பேச்சைப் பதிஞ்சிட்டுப் போனாருங்க. அது இப்ப எங்க இருக்கும்?"

கேட்டது தகரம் இல்லை. துஷாந்தினிக்கு நிம்மதியாக இருந்தது. தன் குரல் யார் கையில் சிக்கியதோ என்ற எளிய மக்களின் அச்சம் இது; பாடப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு அத்தியாயமே உண்டு.

"அவர் எனக்கு சீனியர்தான். கவலையே படாதீங்க. படிப்பு முடிஞ்சதும் பதிவுகளை அழிச்சிடணும், அது எங்க விதி. போன வருசமே எல்லாத்தையும் அழிச்சாச்சு. சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். இனிமே யாராலயும் அதைக் கேக்க முடியாது."

சின்னம்மா எழுந்து போய் வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"உங்க குரலுக்கு நாங்க பொறுப்பு அம்மா."

"அது என் குரல் இல்லைங்க மிஸ். அன்னைக்கு நான் வேலைக்குப் போயிட்டேன். பேசினது எம் மகன் சசி." அவர் ஸ்டூலில் இருந்த போனையே பார்த்தார். "போட்டோ ஒன்னு இருக்குங்க. அவன் போனு அவனோடயே மண்ணுக்குள்ள போயிருச்சு. ஒருக்கா அவன் பேசுறதைக் கேட்டுட மாட்டமான்னுதான், வர்றவங்க எல்லாருக்கும் உக்காந்து பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்."