ஓணான் அசையாமல் நின்ற படம்

நம்பினால் நம்புங்கள், எங்கள் வேலி ஓணானுக்குத் தன் அழகின் மேல் அப்படியொரு நம்பிக்கை. ஒருநாள் அது ஒரு வெட்டுக்கிளியை மூலையில் மடக்கி, விழுங்குவதற்கு வாயைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் கேமராவோடு வந்து வேலிக்கு எதிரே குந்தினார்.

“அண்ணே, படம் பிடிக்க வந்திருக்காங்க. வாயைப் பிளந்துகிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?” என்றது வெட்டுக்கிளி.

ஓணான் வாயை மூடிக்கொண்டது. “என்னைத் தேடித்தான் வந்திருக்கார். எப்படிடா இருக்கேன்?”

“ராஜா மாதிரி இருக்கீங்க. தலையை மட்டும் ஆட்டாதீங்க, படம் கலங்கிடும்.”

பிறந்ததிலிருந்து தலையாட்டிக்கொண்டிருந்த ஓணான் அன்றைக்குத்தான் ஆட்டாமல் நின்றது. மூக்கின் மேல் எறும்பு ஏறியது, அசையவில்லை. வெட்டுக்கிளியே தலையில் ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது, அப்போதும் அசையவில்லை. கேமரா ‘க்ளிக்’ என்றது.

“நல்லா விழுந்திருக்குமாடா?” என்றது ஓணான், வாய் அசையாமல்.

“உங்களுக்கு விழாம யாருக்கு விழும்?” என்றபடி வெட்டுக்கிளி தாவிப் போய்விட்டது.

அந்தப் படத்தை டவுனில் ஒரு கண்காட்சியில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். நானே போய்ப் பார்த்தேன். அடியில் அழகான எழுத்தில் எழுதியிருந்தது: ‘காய்ந்த முள்குச்சியில் வெட்டுக்கிளி.’