மதிலுக்கு வெளியே ஓடிய படம்

டீவியில் ரயில் நிலையக் காட்சி வரப்போகிறது என்பதை என் கணவர் சேஷகிரி காலை ஆட்டிய வேகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

பால் காய்ச்சி மூன்று நாள்தான் ஆகிறது. மகள் ஸ்னேஹாவும் மாப்பிள்ளை முகேஷும் வாங்கிய ஒன்பதாவது மாடி ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து நால்வரும் சோபாவில் சாய்ந்திருந்தோம்.

இந்த அடுக்குமாடி நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் டிரைவ்-இன் தியேட்டர் இருந்தது. காரை உள்ளே ஓட்டிப்போய், மண்மேட்டில் மூக்கைத் தூக்கி நிறுத்தி, கம்பத்து ஸ்பீக்கரைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே படம் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு டீவி வந்ததும் கார்கள் குறைந்தன. பல வருஷம் திரை மட்டும் வெறுமனே நின்றது. அப்புறம் அதையும் இடித்துவிட்டார்கள்.

கார் இல்லாதவர்களுக்கு மதிலுக்கு வெளியே ஒரு பாறை. படம் தெரியும், சத்தம் கேட்காது.

அந்தப் பாறையில் உட்கார வைத்துத்தான் சேஷகிரி எனக்கு இந்த இந்திப் படத்தைக் காட்டினார். அப்போது அவர் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் டெம்பரவரி. நான் சிவாஜிநகரில் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது.

தான் ஏற்கெனவே டவுனில் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி, திரையில் யார் வாயசைத்தாலும் அவரே தமிழில் வசனம் பேசினார். வில்லனுக்குக் கட்டைக் குரல். கதாநாயகிக்குக் கீச்சுக் குரல். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ரயில் நிலையக் காட்சியில் மட்டும் கதாநாயகனுக்குத் தன் சொந்தக் குரலில் பேசினார்.

"ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ. வேலை பர்மனென்ட் ஆகட்டும். உங்க வீட்டுக்கே வந்து பொண்ணு கேக்கறேன்."

கதாநாயகி அழுதபடி தலையாட்டினாள். இவர் என் பக்கம் திரும்பினார்.

கோட்டு சூட்டு போட்ட ஜமீன்தார் மகனுக்கு எதற்கு வேலை பர்மனென்ட் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எட்டு நாள் கழித்துச் சரி என்றேன்.

ஏன் எட்டு நாள் என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறார். நல்ல நாள் பார்த்தேன் என்று நானும் மழுப்பி வருகிறேன்.

எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அந்தக் கதாநாயகன்தான் என்பது ஸ்னேஹாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அதனால்தான் படத்தை எங்கோ தேடிப்பிடித்து, அப்பாவுக்கு சர்ப்ரைஸ் என்று இன்று போட்டுவிட்டாள். இவர் தலைவலி என்று நழுவப் பார்த்தார், நியூஸ் வைக்கச் சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

ஸ்னேஹாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கும் தெரியும்.

ரயில் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றது. மனிதருக்கு ஃபேன் காற்றிலும் வேர்த்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

முகேஷ் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினேன்.

"இந்த சீனை நாங்க சத்தமில்லாமதான் பாத்தோம். நீங்களே சொல்லுங்க."

சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. கதாநாயகி சரியான இடத்தில் தலையாட்டினாள். முகேஷ் கைதட்டினான். ஸ்னேஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிழைத்தோம் என்ற முகத்தோடு அவர் காலை நீட்டி உட்கார்ந்து காபி கேட்டார்.

புது அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்குவதற்காக நின்றேன்.

நாங்கள் பாறையில் உட்கார்ந்து பார்த்ததற்கு மறுவாரமும் அந்தப் படம் ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை, என்னோடு கடையில் வேலை பார்த்த குளோரியா வீட்டு ஃபியட்டில் ஏறி, மதிலுக்கு உள்ளே போய், ஸ்பீக்கர் மாட்டிய கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தேன். குளோரியாவுக்கு இந்தி தண்ணி பட்ட பாடு. ரயில் நிலையம் வந்ததும், என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

தனக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது, தன்னை மறந்துவிடு என்கிறான் என்றாள்.

மறுநாள்தான் சேஷகிரியிடம் சரி என்றேன்.